பல் செட் கட்டுகிறவர்களுக்கு

பல் பிடுங்கின கையோடு செட் கட்டித் தரச் சொல்லிப் பலர் நிற்கிறார்கள். ஈறு ஆறிச் சுருங்க மாதக்கணக்காகும். அவசரப்பட்டால் பிறகு செட் லூசாகிவிடும்.

ராவில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். சுடுதண்ணீர் பட்டால் கோணிப்போகும். கழுவும்போது கீழே பேசினில் தண்ணீர் வைத்துக்கொண்டால் கை தவறினாலும் உடையாது.

நாம் அழுத்திச் சொல்வது வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களுக்குத்தான். செட் உரசிப் புண்ணானால் நீங்களே அரத்தால் ராவ வேண்டாம். கட்டின இடத்துக்கே கொண்டுபோங்கள். "உரசின புண்தானே" என்று இருந்தும் விடாதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு கண்டால், ஒரு நாள் பேர் போனாலும் போகட்டும், ஆஸ்பத்திரியில் பல் டாக்டரிடம் வாயைக் காட்டுங்கள். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. சுகப்படுத்த லேசான நேரமும் அதுதான்.