எலிசாவின் கடைசி வியாதி

வேதபாடம். வாசிக்க வேண்டிய பகுதி: 2 இராஜாக்கள் 13:14-21



எலிசாவை நமக்கு நன்றாய்த் தெரியும். எலியாவின் ஆவியின் வரத்தை இரட்டிப்பாய்க் கேட்டுப் பெற்றவன். நாகமானின் குஷ்டம் நீங்க வழி சொன்னவன். சூனேமியாளின் மகனை உயிரோடே எழுப்பிக் கொடுத்தவன். அப்பேர்ப்பட்ட தேவமனுஷன் அக்கினி ரதத்தில் போகவில்லை. வியாதிப்பட்டு, படுக்கையிலேதான் மரித்தான். வேதம் இதை மறைக்கவில்லை. அவனுக்கு விசுவாசம் குறைந்துபோச்சு என்றும் சொல்லவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? புற்றுநோய் முற்றி, டாக்டர் கைவிரித்த வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறோம். எண்ணெய் பூசி ஜெபிப்பது யாக்கோபு 5:14-ன்படி நம் கடமை. கர்த்தர் இன்றைக்கும் சுகமாக்குகிறார், அதில் எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் சுகம் வரத் தாமதித்தால், "வீட்ல ஏதோ மறைவான பாவம் இருக்கு", "மாத்திரையை நிறுத்தினாத்தான் விசுவாசம்" என்று வாசற்படியில் நின்று பேசிவிட்டு வருகிறோமே, அது எந்த வேதத்தில் இருக்கிறது? யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்களாய்த்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் தேவகோபம் வந்தது! பவுலும் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடேதான் விட்டுவந்தான். எசேக்கியாவுக்கு 15 வருஷம் ஆயுசு கூட்டப்பட்டபோதுகூட, ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் போடச் சொன்னான்.

வலியைச் சகித்துக்கொள்வதே பரிசுத்தம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. லண்டனில் 1967-ல் மரிக்கிறவர்களுக்கென்றே புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் விசுவாசமுள்ள கிறிஸ்தவர். நர்ஸாக இருந்து, பிறகு டாக்டருக்குப் படித்தவர். வலி வந்த பிறகு மருந்து கொடுக்காதீர்கள், அது திரும்ப வருமுன் நேரம் தவறாமல் கொடுங்கள் என்று கற்றுக்கொடுத்தார். மார்பின் மாத்திரை என்றதும் "போதை மருந்தாச்சே" என்று பயப்படுகிறோம். டாக்டர் சொன்ன அளவில் வலிக்காகக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து கேட்டு வாங்குங்கள். 1985-ம் வருஷத்துச் சட்டத்தால் இது கிடைப்பதே கஷ்டமாயிருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போதும் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. கல்வராயன் மலையிலிருந்து வருகிற குடும்பங்கள் மாத்திரை தீருமுன்னே விசாரித்து வைக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவு சேவையும் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மறுபடி எலிசாவிடம் வாருங்கள். யோவாஸ் ராஜா வந்து அவன் முகத்தின்மேல் விழுந்து அழுதான். நாம் அழுதால் அவிசுவாசம் என்கிறோம்! எலிசாவோ சாகும் நேரத்திலும் தீர்க்கதரிசிதான். வில்லை எடுக்கச் சொல்லி, ராஜாவின் கைமேல் தன் கையை வைத்தான். படுத்துவிட்டதினாலே அவன் வார்த்தைக்கு மதிப்புக் குறையவில்லை.

நம் வீடுகளில் நோயாளியை உள்ளே படுக்கவைத்துவிட்டு, திண்ணையில் குசுகுசுவென்று எல்லாம் தீர்மானிக்கிறோம். வியாதியின் பேரைக்கூடச் சொல்வதில்லை. அவருக்கோ தெரிந்துதான் இருக்கிறது. யாக்கோபு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பேரப்பிள்ளைகளை ஆசீர்வதித்தபோது, யோசேப்பு கையை மாற்றி வைக்கப் பார்த்தும் கிழவன் விடவில்லை. தன்னை எங்கே அடக்கம்பண்ண வேண்டுமென்றும் அவனே சொன்னான். நாமும் கேட்கலாமே: அப்பா, யாரைப் பார்க்கணும்? சித்தப்பாவோட பேசணுமா? கடன், பத்திரம் ஏதாவது சொல்லணுமா? ஆஸ்பத்திரியா, வீடா?

2024 ஜூன் மாதத்தில் நம் கருணாபுரத்தையும் சுற்றுப்புறத்தையும் விஷச்சாராயம் சில நாட்களுக்குள் சூறையாடியது. 60 பேருக்கு மேல் போனார்கள். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூட நேரமில்லாமல் போனவர்கள் எத்தனை பேர்! மெதுவாய் வருகிற வியாதி அந்த நேரத்தையாவது தருகிறது. அதை ஒளித்து மறைப்பதிலே செலவழிக்காதிருங்கள்.

இன்னொன்று. நோயாளியைக் கவனிப்பது பெரும்பாலும் மனைவி, இல்லை மருமகள். இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைத்தால்தான் படுக்கைப்புண் வராது. உதடு காயாமல் நனைக்க வேண்டும். அவள் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும். பார்க்கப் போகிறவர்கள் கால் மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். காதருகே மெல்ல ஜெபித்தாலும் கர்த்தருக்குக் கேட்கும். வாரத்தில் இரண்டு இரவாவது சபையார் மாறிமாறிக் கண்விழித்தால் அந்தச் சகோதரி தூங்குவாள். இந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் அதற்குப் பேர் கொடுங்கள்.