கழுத்து இறுகினால் ஒகேனக்கல் போகலாமா?

கேள்வி: நாள் முழுக்கத் தையல் மிஷினில் வேலை. சாயங்காலம் கழுத்தும் தோளும் கல்லாகிவிடுகின்றன, மனசுக்கும் எரிச்சல். ஒகேனக்கல் எண்ணெய் மசாஜ் உதவுமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: உதவும், தாராளமாகப் போய்வாருங்கள். உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி, முதுகெலும்பின் இரு பக்கமும் கட்டைவிரலால் அழுத்தி இறக்குவார்கள். பிறகு தோளில் இரு கையாலும் தாளம் போலத் தட்டுவார்கள். இறுகிய தசை இளகும், மூச்சு நிதானப்படும். அதன்பின் அருவியில் நின்றால் அன்று இரவு நல்ல தூக்கம் வரக்கூடும்.

ஆனால் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுக்க மட்டும் விடாதீர்கள், அது ஆபத்து. காய்ச்சல், காயம், காலில் திடீர் வீக்கம் இருந்தால் மசாஜே வேண்டாம். கை மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

மசாஜ் தரும் சுகம் சில நாள்தான் நிற்கும். வலியின் வேர் நீங்கள் உட்காரும் விதத்தில் இருக்கிறது. குனியாமல் தைக்கும்படி நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, தோளைப் பின்னோக்கிச் சுழற்றி, பத்து மூச்சு மெதுவாக விடுங்கள். காசில்லாத இந்த வைத்தியத்தைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்து காவிரி பெருகினால் குளிக்கத் தடை போடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தடை நாட்களில் மசாஜ் தொழிலாளர்களின் பிழைப்பும் நின்றுவிடும். கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், பேசியதைக் குறைக்காமல் கொடுங்கள்.