குண்டு பட்டால் எதிரி ஏன் நகரவில்லை?

கோடை விடுமுறையில் ஒரு நாள், மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸிலிருந்து காய்கறிப் பையோடு வீடு திரும்பினேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேரன் கம்ப்யூட்டர் முன்னால் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். 'கோடோ' என்ற இலவச மென்பொருளில் தானே ஒரு விளையாட்டு தயாரிக்கிறான்.

"குண்டு பட்டா எதிரி பின்னால போகணும் தாத்தா. அசையவே மாட்டேங்கறான். எல்லாத்தையும் அழிச்சிடப் போறேன்."

எனக்கு மென்பொருள் தெரியாது. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் காலம் தள்ளியவன். ஆனால் ஒன்று மோதி இன்னொன்று நகர்வது ஷண்டிங் யார்டில் தினமும் பார்த்த சங்கதி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அன்று நாங்கள் இருவரும் கற்றதை, வீட்டில் இப்படிப் பிள்ளைகள் உள்ள வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், ஏன் அசையவில்லை? எதிரி நொடிக்கு 60 முறை ஆட்டக்காரனைப் பார்த்துத் திரும்பி, தன் திசைவேகத்தைப் புதிதாக எழுதிக்கொள்கிறான். குண்டு கொடுத்த தள்ளு அடுத்த கட்டத்திலேயே அழிந்துபோகிறது. ஒருவர் சிலேட்டில் எழுத, இன்னொருவர் உடனே துடைப்பது மாதிரி. ஆகவே நடைவேகம் ஒரு கணக்கு, தள்ளுவேகம் தனிக் கணக்கு என்று பிரித்தோம். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டையும் கூட்டி எதிரியை நகர்த்தினோம். அசைந்தான்!

ஆனால் சில சமயம் பக்கவாட்டில் போனான். காரணம், ஆட்டக்காரன் நிற்கும் இடத்திலிருந்து திசையைக் கணக்கிட்டிருந்தான் பேரன். குண்டு பறக்கும் நேரத்தில் ஆட்டக்காரன் வேறிடம் ஓடிவிடுகிறானே! குண்டு எந்தத் திசையில் பறந்து வந்ததோ அதே திசையில்தான் தள்ள வேண்டும். வெடிகுண்டாக இருந்தால் மட்டும், வெடித்த இடத்திலிருந்து எதிரியை நோக்கிய திசை.

அடுத்து, எவ்வளவு தள்ளுவது? 20 டன் வேகன் ஒன்று நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து, நின்றிருக்கும் இன்னொரு 20 டன் வேகனோடு இணைந்தால், இரண்டும் சேர்ந்து 1 மீட்டர் வேகத்தில் போகும். நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். அது மோதலில் தொலைவதில்லை. விளையாட்டில் குண்டு மறைந்துவிடுவதால், அதன் உந்தம் முழுவதையும் எதிரிக்குக் கொடுத்தோம். குண்டின் நிறை 2, வேகம் நொடிக்கு 600 பிக்ஸல், எதிரியின் நிறை 5 என்றால், தள்ளுவேகம் 1200-ஐ 5-ஆல் வகுத்த 240.

கடைசியாக, நிறுத்துவது எப்படி? உராய்வாக நொடிக்கு 600 வீதம் தள்ளுவேகத்தைக் குறைத்தோம். 0.4 நொடியில் நின்றான். போன தூரம் சுமார் 48 பிக்ஸல். நிறை 20 உள்ள பூதத்துக்குத் தள்ளுவேகம் 60 மட்டுமே. தூரமோ 3 பிக்ஸல்! வேகம் நாலில் ஒரு பங்கு, தூரம் பதினாறில் ஒரு பங்கு. ரயிலுக்குப் பிரேக் போடும்போதும் இதே விதிதான்: வேகம் இரண்டு மடங்கானால், நிற்கும் தூரம் நான்கு மடங்கு.

இரண்டு எச்சரிக்கைகள். கட்டத்துக்கு 10 என்று குறைக்காமல், 600-ஐக் கழிந்த நேரத்தால் பெருக்கிக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு வேகத்தில் ஓடும் கம்ப்யூட்டரில் கணக்குத் தப்பும். மேலும், எதிரியைத் தூக்கி வேறிடத்தில் வைக்கக் கூடாது, சுவருக்குள் மாட்டிக்கொள்வான். மோதலைப் பார்த்து நகர்த்தும் வசதி மென்பொருளிலேயே உண்டு, அதன் வழியாகவே நகர்த்த வேண்டும்.

"உந்தம்னா மொமென்டமா? தமிழ்ல இதெல்லாம் இருக்கா தாத்தா?" என்று கேட்டான். பள்ளியில் அவனுக்கு ஆங்கிலமும் கன்னடமும்தான். "உந்துவது என்றால் தள்ளுவது, அதிலிருந்து வந்த சொல்" என்றேன். ஒன்றும் பேசாமல், கணக்கின் மேலே குறிப்பு வரியில் 'உந்தம்' என்று தமிழிலேயே தட்டினான். நான் சொல்லாமல் அவனாக எழுதிய முதல் தமிழ்ச் சொல் அதுதான். விளையாட்டையும் அழிக்கவில்லை.

பயிற்சி: எதிரியின் நிறை 10 ஆனால் எவ்வளவு தூரம் போவான்? பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். (விடை: 12 பிக்ஸல்.)