அடுக்களையில் ஒரு கடிகாரம்

நாகர்கோவில்

அன்புள்ள மக்களே,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் படித்தேன். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரி அத்தே, சரி அத்தே" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

திருவனந்தபுரம் கழக்கூட்டத்துக்குக் குடிபோன பிறகு வெளிச்சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டோம், இனி பிள்ளைக்குப் பயமில்லை என்று எழுதியிருக்கிறாய். வெளிச்சாப்பாட்டுக்குப் பயப்படக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2012-இல் திருவனந்தபுரத்தில் ஷவர்மா சாப்பிட்ட இளைஞர் ஒருவர் இறந்தார். 2022 மே மாதம் காசர்கோடு செறுவத்தூரில் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியும் அதேபோல இறந்தாள். அங்கே ஷிகெல்லா கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 2023 ஜனவரியில் கேரள அரசு பச்சை முட்டை மயோனைசைத் தடை செய்தது. பார்சல் மேல் சமைத்த நேரத்தையும், எதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பதையும் எழுதி ஒட்டச் சொன்னது. எனக்கு அந்தத் தடையைவிட ஒட்டுச்சீட்டுதான் பிடித்தது. கடைக்காரனிடம் கேட்கிற கணக்கை நம் அடுக்களையில் யார் கேட்கிறார்கள்? காலை ஏழு மணிக்கு வடித்த சோறு, மதியம் சம்பந்தியம்மா சாப்பிட்டது போக, ராத்திரி நீ ஆபீஸ் விட்டு வரும்வரை மேடையில் மூடியபடி இருக்கிறது. போன தடவை வந்தபோது பார்த்தேன்.

"கெட்டிருந்தால் மணக்காதா, நாக்கு காட்டிக்கொடுக்காதா?" என்று சம்பந்தியம்மா கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் எல்லா நேரமும் காட்டிக்கொடுக்காது என்பதே பதில். உணவை நாறவைக்கிற கிருமி ஒன்று, நம்மைப் படுக்கவைக்கிற கிருமி பெரும்பாலும் வேறொன்று. அரிசியிலேயே பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி விதைபோல உறங்கிக்கொண்டு வரும். கொதிக்கிற உலைநீரிலும் அது சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது விழித்துப் பெருகி ஒரு நஞ்சை விடும். வாந்தி எடுக்கவைக்கிற அந்த நஞ்சு, ராத்திரி நீ ஆவி பறக்கச் சூடாக்கினாலும் போகாது. மணமும் இராது, நிறமும் மாறாது. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவில்தான் இந்தக் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். உங்கள் ஊரில் அடுக்களை மேடை வருஷம் முழுக்க அந்த இடைவெளியிலேதான் இருக்கிறது. ஆகவே மிஞ்சும் என்று தெரிந்த சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வை. குண்டாவோடு தூக்கி வைத்தால் நடுச்சோறு வெகுநேரம் சூடு ஆறாது. வேண்டியதை மட்டும் எடுத்து ஒரே ஒருமுறை நன்றாகச் சூடாக்கு.

பழங்கஞ்சியைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. நான் அதைக் குடித்து வளர்ந்தவள். தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிடும்போது உண்டாகும் புளிப்பு கெட்ட கிருமிகளை ஓரளவு அடக்கும். மேடையில் சும்மா கிடக்கிற சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை. இருந்தாலும் பிள்ளைக்குப் பழங்கஞ்சி இப்போது வேண்டாம்.

இனி மீன். விழிஞ்ஞத்திலிருந்து வருகிற சாளையும் அயிலையும் சூரையும் விட்டுவிடச் சொன்னால் நீயே என்னை மதிக்கமாட்டாய். 2018-இல் 'ஆபரேஷன் சாகர் ராணி' என்று எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் ஏறிய மீனை டன் கணக்கில் பிடித்தார்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதைக் கண்டுபிடிக்கக் காகிதப் பட்டையே செய்து கொடுத்தது. அன்றுமுதல் மீன் என்றாலே எல்லாரும் ஃபார்மலினைத்தான் பேசுகிறார்கள். வெயிலில் கிடந்த மீனைப் பற்றிப் பேச்சே இல்லை. சாளை, அயிலை, சூரை மூன்றும் சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமைன் ஊறும். பிறகு எவ்வளவு புளி விட்டுக் கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும். "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு இதுதான். ஐஸ் இல்லாத கூடையை விட்டுவிடு. வாங்கினால் வேறு கடைக்கு ஏறாமல் நேரே வீட்டுக்கு வா, ஞாயிற்றுக்கிழமை பேச்சையெல்லாம் மீன் கழுவிய பிறகு பேசலாம்.

தண்ணீர் விஷயத்தில் உன் வீட்டில் ஒரு கெட்ட பழக்கம் நுழைந்திருக்கிறது. பதிமுகம் போட்டு இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கொதிக்கவைக்கிறீர்கள், நல்லதுதான். குடிக்கும்போது சூடாக இருக்கிறது என்று பச்சைத்தண்ணீரை அதில் விளாவுகிறீர்கள்! கொதிக்கவைத்த பாடெல்லாம் அங்கே வீண். ஓட்டலிலும் கல்யாண வீட்டிலும் இதே கதைதான். நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதே. மஞ்சள்காமாலை தருகிற ஹெபடைடிஸ் ஏ இந்த வழியில்தான் வரும். குடித்து ஏறத்தாழ நான்கு வாரம் கழித்துக் காய்ச்சல் வரும்போது எந்தத் தண்ணீர் என்று யாருக்கும் நினைவிருக்காது. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வெளியே தெரியாமலே வந்து போகும். அவர்களிடமிருந்து தொற்றுகிற பெரியவர்கள்தான் துவண்டு விழுவார்கள். அதனால் குமிழ் பொங்க ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும், மூடியபடியே ஆறட்டும். 2024 செப்டம்பரில் நம் நாகர்கோவில் ரயில்பாதை வேலைக்காகக் குழாயை மாற்றியபோது திருவனந்தபுரத்தில் பல நாள் தண்ணீர் வராமல் ஜனங்கள் பட்டபாடு தெரியும் அல்லவா? அப்படி நின்று வருகிற நாளில், கலங்கல் தெளியும்வரை வருகிற முதல் தண்ணீரைத் தரை கழுவ வைத்துக்கொள்.

கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவாதே, தெறிக்கிற துளி பக்கத்திலிருக்கிற வெள்ளரிக்காய்வரை போகும். கறி வெட்டிய பலகையில் பச்சையாகத் தின்கிற எதையும் நறுக்காதே. மிக்ஸியில் பச்சை முட்டை அடித்து வீட்டிலேயே மயோனைஸ் செய்கிறாயாமே. சால்மோனெல்லாவுக்குக் கடை முட்டையும் வீட்டு முட்டையும் ஒன்றுதான். 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் பச்சை முட்டை மயோனைசை ஓராண்டுக்குத் தடை செய்தது, தெரியுமோ?

சம்பந்தியம்மாவிடம் இதையெல்லாம் அத்தை சொன்னாள் என்று ஒப்பிக்காதே, பகைதான் மிஞ்சும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதமும் பென்சிலும் தொங்கவிட்டு, குழம்பு எப்போது வைத்தது என்று நீயே எழுதத் தொடங்கு. அவர்கள் கையெழுத்து அழகு. பத்து நாளில் அவர்களே எழுதுவார்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து வாங்கி வை. பெரிய பாக்கெட்டானால் ஒரு லிட்டர் தண்ணீர், சின்னதானால் 200 மில்லி. மேலே எழுதியிருப்பதைப் பார்த்து அவ்வளவில் மட்டும் கரை. பிள்ளைக்கு வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரையை நீயாகக் கொடுக்காதே. மலத்தில் ரத்தம் கண்டாலோ, மூத்திரம் குறைந்து பிள்ளை துவண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மெடிக்கல் காலேஜ் வளாகத்திலுள்ள எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடு. அவசரப் பிரிவுக்கு எந்த வாசல் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே மாப்பிள்ளையோடு போய்ப் பார்த்து வை.

அன்புடன்,
உன் அத்தை