பெருக்குவதா, வகுப்பதா?

மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் கொடுத்து மோல் கேட்டால், அவகாட்ரோ எண்ணால் பெருக்குவதா, வகுப்பதா என்று ஒவ்வொரு தேர்விலும் குழம்புகிறேன். மறக்காமலிருக்க வழி உண்டா?
– பிளஸ் 1 மாணவி, திண்டுக்கல்

வகுக்க வேண்டும். 36 வாழைப்பழம் எத்தனை டஜன் என்று கேட்டால் 12-ஆல் வகுத்துவிடுவீர்கள் அல்லவா? மோலும் அப்படி ஒரு கட்டுதான். ஒரு கட்டில் 6.022 × 10²³ துகள்கள். மோலைக் கொடுத்துத் துகள் கேட்டால் மட்டுமே பெருக்கல்.

பெரும்பாலும் மதிப்பெண் போவது அடுக்குகளில்தான். 1.2044 × 10²⁴ நீர் மூலக்கூறுகள் என்று கணக்கு வந்தால், முன்னிருக்கும் எண்களைத் தனியாக வகுங்கள்: 1.2044-ஐ 6.022-ஆல் வகுத்தால் 0.2. பிறகு அடுக்குகளைக் கழியுங்கள்: 24-இல் 23 போனால் 1, அதாவது 10. இரண்டையும் பெருக்கினால் 2 மோல். எடை கேட்டால் 2 × 18 = 36 கிராம். விடை 10⁴⁷ என்று வந்து நின்றால், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிட்டீர்கள் என்று பொருள். அத்தனை மோல் தண்ணீர் இந்தப் பூமியிலேயே கிடையாது!

இன்னொன்று: கேள்வியில் இருப்பது அணுவா, மூலக்கூறா என்று அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரு நீர் மூலக்கூறில் மூன்று அணுக்கள். ஆகவே அதே 2 மோல் நீரில் 6 மோல் அணுக்கள் இருக்கின்றன. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

2019 முதல் அவகாட்ரோ எண் 6.02214076 × 10²³ என்றே துல்லியமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. தேர்வுக்கு 6.022 போதும். தினமும் இரண்டு கணக்கு போட்டுப் பாருங்கள்; கை தானாகப் பழகிவிடும்.