அடகுக்குப் போன கிண்ணம்

இங்கிலாந்தின் வடகிழக்கில் டர்ஹம் என்னும் மாவட்டம் உள்ளது. அங்குள்ள ஒரு சிற்றூரின் பெயர் வெஸ்ட் ஆக்லண்ட். நியூசிலாந்தின் பெருநகரான ஆக்லண்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உண்மையில் அந்தப் பெருநகரின் பெயருக்கே இச்சிற்றூர்தான் மூலம். இவ்வூரின் பெயரால் ‘ஆக்லண்ட் பிரபு’ என்னும் பட்டம் பெற்ற குடும்பத்தில் வந்த ஒருவர், இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தார். அவரைச் சிறப்பிக்கவே நியூசிலாந்து நகருக்கு அப்பெயர் சூட்டப்பட்டது.

பெயர் இப்படிக் கடல் கடந்து போனாலும் ஊர் சிறியதாகவே இருந்துவிட்டது. அவ்வூரின் காற்பந்துக் கழகம் 1893ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது ‘நார்தர்ன் லீக்’ என்னும் வட்டாரப் போட்டியில் ஆடி வந்தது. 1889இல் தொடங்கிய அந்த லீக், உலகின் இரண்டாவது பழமையான காற்பந்து லீக்காகும். ஆயினும், அதில் ஆடிய பலர் ஊதியம் பெறாதவர்கள். வாரம் முழுவதும் வேலை. சனிக்கிழமை பிற்பகலில் பந்து. அதுதான் அவர்களின் வாழ்க்கை.

வெஸ்ட் ஆக்லண்ட் ஆட்டக்காரர்களுள் பெரும்பாலோர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் டர்ஹம் சுரங்கங்களில் ஏறத்தாழ 165,000 பேர் வேலை செய்தனர். அந்த வேலை எத்தகையது என்பதற்கு ஒரு செய்தி போதும். 1909ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள், அதே மாவட்டத்தின் வெஸ்ட் ஸ்டான்லி சுரங்கத்தில் வெடிப்பு நேர்ந்தது. ஆடவரும் சிறுவருமாக 168 பேர் மாண்டனர். அந்தத் துயரம் நிகழ்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில்தான், வெஸ்ட் ஆக்லண்ட் குழுவினர் ஒரு கிண்ணத்துக்காக இத்தாலிக்குப் புறப்பட்டனர்.

அந்தக் கிண்ணத்தை வழங்கியவர் சர் தாமஸ் லிப்டன். இன்றும் கடைகளில் நாம் காணும் லிப்டன் தேயிலைப் பொட்டலத்துக்குப் பெயர் தந்தவர் அவரே. கிளாஸ்கோ நகரில் எளிய குடும்பத்தில் பிறந்து, மளிகைக் கடை வைத்துப் பல கிளைகளாக வளர்ந்தவர். 1890இல் இலங்கைக்குச் சென்று, மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பத்தனைத் தோட்டம் அவற்றுள் ஒன்று. அத்தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர்கள். ஆகவே, டர்ஹம் சுரங்கத் தொழிலாளியின் கைக்கு எட்டிய அந்த வெள்ளிக் கிண்ணத்துக்குப் பின்னால் மலையகத் தமிழரின் உழைப்பும் இருந்தது. இதை ஆங்கில நூல்கள் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை.

லிப்டன் விளையாட்டுப் பித்தர் என்றே சொல்லலாம். ‘அமெரிக்கா கிண்ணம்’ என்னும் பாய்மரப் படகுப் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை முயன்றார். ஐந்து முறையும் தோற்றார். தாம் வெல்ல முடியாத கிண்ணம் ஒருபுறமிருக்க, பிறர் வெல்வதற்காக ஒரு கிண்ணத்தை அவர் இத்தாலியின் தூரின் நகரில் வைத்தார். இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து குழுக்கள் வந்தன. இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கமோ குழு எதையும் அனுப்ப முன்வரவில்லை. காற்பந்தின் தாயகம் இல்லாமல் போட்டி நடத்துவதா? அந்த இடத்தை நிரப்பத்தான் வெஸ்ட் ஆக்லண்டுக்கு அழைப்பு போனது.

இந்தக் குழுவை ஏன் அழைத்தார்கள்? இதற்கு ஊரில் ஒரு கதை வழங்குகிறது. ‘வூல்விச் ஆர்சனல்’ என்பது அன்று புகழ்பெற்ற தொழில்முறைக் கழகம்; இன்றைய ஆர்சனல்தான் அது. ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகளும் வெஸ்ட் ஆக்லண்டின் முதலெழுத்துகளும் ஒன்றே. முதலெழுத்துகளை மட்டும் பார்த்த ஓர் அலுவலர் கடிதத்தை மாற்றி அனுப்பிவிட்டார் என்பது கதை. கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால், அதை மெய்ப்பிக்கும் ஆவணம் இல்லை. லிப்டனின் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவருக்கு நார்தர்ன் லீக்குடன் தொடர்பு இருந்தது என்றும், அவர்வழி அழைப்பு வந்தது என்றும் மற்றொரு விளக்கம் உண்டு. இரண்டில் இதுவே நம்பத்தக்கது. இருப்பினும், முதல் கதையைத்தான் எல்லாரும் விரும்பிச் சொல்கின்றனர். வாய்மொழி வரலாற்றைப் படிக்கும்போது இத்தகைய இடங்களில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

அழைப்பு வந்ததே தவிர, பயணம் எளிதாக அமையவில்லை. சுரங்கத்தில் இறங்காத நாளுக்குக் கூலி கிடையாது. டர்ஹமிலிருந்து தூரினுக்கு இரயிலும் கப்பலும் மாறி மாறிச் செல்ல வேண்டும். போகவர ஆகும் நாள்களுக்கான வருமானத்தை இழக்க ஆட்டக்காரர்களும் அவர்களின் குடும்பத்தினரும் உடன்பட்டனர். வீட்டுப் பொருள்களை விற்றும் அடகுவைத்தும் சிலர் பணம் திரட்டியதாக ஊரார் சொல்வர்.

1909ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஈஸ்டர் விடுமுறையின்போது ஆட்டங்கள் நடைபெற்றன. முதலில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் குழுவை வெஸ்ட் ஆக்லண்ட் 2-0 என்னும் கோல் கணக்கில் வென்றது. மறுநாள், ஏப்ரல் 12இல், சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் குழுவையும் அதே 2-0 கணக்கில் தோற்கடித்தது. தம் சொந்த லீக்கில் பட்டியலின் அடிப்பகுதியில் தடுமாறிக்கொண்டிருந்த குழு அது என்பதை நினைவிற்கொண்டால் இந்த வெற்றியின் அளவு விளங்கும்.

அடுத்த போட்டி 1911இல் நடைபெற்றது. கிண்ணத்தைத் தற்காக்க வெஸ்ட் ஆக்லண்ட் மீண்டும் தூரினுக்குச் சென்றது. இம்முறை முதல் ஆட்டத்தில் சூரிக் குழு 2-0 எனத் தோற்றது. இறுதியாட்டத்தில் எதிர்த்து நின்றது உள்ளூர்க் குழுவான ஜுவென்டஸ். ஆம், இன்று உலகெங்கும் இரசிகர்களைக் கொண்டிருக்கும் அதே ஜுவென்டஸ்தான். முடிவு: வெஸ்ட் ஆக்லண்ட் 6, ஜுவென்டஸ் 1. இரண்டு முறை வென்றதால் கிண்ணம் அவர்களுக்கே நிரந்தரமாக உரியதாயிற்று.

‘முதல் உலகக் கிண்ணத்தை வென்றவர்கள் நாங்களே’ என்று வெஸ்ட் ஆக்லண்ட் மக்கள் பெருமையாகக் கூறுவர். 1982இல் இக்கதையை ஒரு தொலைக்காட்சிப் படமாக எடுத்தபோது, அதன் தலைப்பிலும் உலகக் கிண்ணம் என்னும் சொல் இடம்பெற்றது. இக்கூற்றை அப்படியே ஏற்க இயலுமா? தூரினில் ஆடியவை கழகக் குழுக்கள். நாட்டுக் குழுக்கள் அல்ல. ஒவ்வொரு முறையும் நான்கே குழுக்கள் பங்கேற்றன. ஃபிஃபா அமைப்பு நடத்திய முதல் உலகக் கிண்ணப் போட்டி 1930இல் உருகுவேயில்தான் நடைபெற்றது. எனவே, அது மிகைக்கூற்றுதான். ஆனால், பல நாட்டுக் குழுக்களை ஓரிடத்தில் கூட்டிய தொடக்ககாலப் போட்டிகளுள் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. அதை இரண்டு முறை வென்றது ஒரு சுரங்கத் தொழிலாளர் குழு என்பதும் உண்மை. இதற்கு மேல் அலங்காரம் எதற்கு என்றே தோன்றுகிறது.

கிண்ணத்தோடு கடனும் ஊருக்கு வந்தது. இரண்டு வெளிநாட்டுப் பயணங்களின் செலவு, வருமானம் குறைந்த கழகத்தை நெருக்கியது. கடனை அடைக்க அவர்களிடம் மதிப்புள்ள பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஊரிலிருந்த ‘வீட்ஷீஃப்’ விடுதியை நடத்திய அம்மையாரிடம் கிண்ணத்தை ஈடாக வைத்து 40 பவுண்டு பெற்றனர். ஒரு தொழிலாளியின் பல மாதக் கூலிக்குச் சமமான தொகை அது. தூரினில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் பெற்ற கிண்ணம், இப்படி அடகுப் பொருளானது.

அவர்களால் அதை மீட்க முடியவில்லை. முதல் உலகப் போர் வந்தது. அதன்பின் சுரங்கத் தொழில் நலிந்தது. வேலைநிறுத்தம், வேலையின்மை, இரண்டாம் உலகப் போர் எனக் காலம் ஓடியது. அம்மையார் ஊரைவிட்டுச் சென்றபோது கிண்ணமும் அவரோடு போயிற்று. எனினும், தங்களிடம் ஒரு கிண்ணம் இருந்தது என்பதை ஊரார் மறக்கவில்லை. 1960ஆம் ஆண்டு அதை வைத்திருந்தவரைக் கண்டறிந்து, ஊர்மக்களிடம் நன்கொடை திரட்டி, 100 பவுண்டு கொடுத்துத் திரும்பப் பெற்றனர். தூரினில் ஆடியவர்களின் பேரப்பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்ட காலம் அது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஊரின் சுரங்கமே மூடப்பட்டுவிட்டது. அந்நிலையில், அந்த 100 பவுண்டை வீண்செலவு என்று எவரும் கருதியிருக்க மாட்டார்கள்.

கிண்ணம் திரும்பிய மறு ஆண்டே கழகத்துக்கு மற்றொரு வாய்ப்பு வந்தது. 1961இல் ஊதியம் பெறாதோருக்கான ‘அமெச்சூர் கிண்ண’ இறுதியாட்டத்தில் ஆட இலண்டனின் வெம்பிளி அரங்கத்துக்குச் சென்றது. வால்தம்ஸ்டோ அவென்யூ குழுவிடம் 2-1 எனத் தோற்றது. பிறகு, சிறிய கழகங்களுக்கான ‘எஃப்.ஏ. வாஸ்’ போட்டியில் 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் இறுதியாட்டத்தை எட்டியது. இரண்டும் வெம்பிளியில் நடந்தன, இரண்டிலும் தோல்வியே. தூரினில் ஒருமுறைகூடத் தோற்காத கழகம், வெம்பிளியில் ஒருமுறைகூட வெல்லவில்லை!

இதற்கிடையே காற்பந்தின் அமைப்பும் மாறிவிட்டது. 1974இல், ஊதியம் பெறுபவர் பெறாதவர் என்ற பிரிவை இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் நீக்கியது. அதன்பின் இத்தகைய கழகங்கள் பகுதிநேரத் தொழில்முறைக் கழகங்களாயின. அதாவது, ஆட்டக்காரருக்குச் சிறு தொகை கிடைக்கும். ஆனால், அதைக்கொண்டு மட்டும் குடும்பம் நடத்த இயலாது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருவர். இங்கிலாந்துக் காற்பந்தின் உச்சியில் பிரிமியர் லீக் இருக்கிறது என்றால், நார்தர்ன் லீக்கின் முதற்பிரிவு அதற்குக் கீழே ஒன்பதாம் நிலையில் இருக்கிறது. வெஸ்ட் ஆக்லண்ட் அங்கே ஆடுகிறது.

மீட்கப்பட்ட கிண்ணம் ஊரிலுள்ள தொழிலாளர் மன்றத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. 1994ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அதை யாரோ திருடிச் சென்றனர். அது திரும்பக் கிடைக்கவே இல்லை. பழைய கிண்ணத்தின் அச்சாக ஒரு நகலைச் செய்து ஊரார் மன்றத்தில் வைத்தனர். 2013இல், ஊரின் நடுவேயுள்ள புல்வெளியில் அந்த வெற்றியின் நினைவாக ஒரு வெண்கலச் சிலையையும் நிறுவினர். அதை யாராலும் எளிதில் தூக்கிக்கொண்டு போக முடியாது.