மாடி அறைக்கும் வைஃபை: மின்கம்பி வழியே இணையம்

இரட்டை மாடி வீடுகளில் ரவுட்டர் கீழே ஹாலில் இருக்கும். எஸ்.பி.எம். படிக்கும் தங்கையோ மேலே பின்னறையில் "லைனே இல்லை"ன்னு புலம்புவாள். செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் வைஃபை அலையை விழுங்கிவிடுகின்றன. இதற்குப் பவர்லைன் அடாப்டர் நல்ல வழி. வீட்டு மின்கம்பியிலேயே இணையத்தை அனுப்பும்.

ஒன்றை ரவுட்டருக்குப் பக்கத்துச் சுவர் பிளக்கில் செருகி, லேன் கேபிளால் ரவுட்டரோடு இணையுங்கள். வைஃபை உள்ள மற்றொன்றை மேலே செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டினால் வேகம் படுத்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் 1000 எம்.பி.பி.எஸ். வெறும் ஏட்டுக் கணக்கு, அதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

செருகியதுமே வேலை செய்கிறதே என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இங்கேதான் ஆபத்து. பல அடாப்டர்கள் கடையிலிருந்து வரும்போது ஒரே பொதுச் சாவியோடுதான் வருகின்றன. சிக்னலும் மீட்டரோடு நின்றுவிடும் என்று சொல்ல முடியாது; வரிசை வீடுகளிலும் ஃபிளாட்டிலும் அண்டை வீடு வரை கசியலாம். அங்கும் அதே வகை அடாப்டர் இருந்தால், அவர்கள் உங்கள் நெட்வொர்க்கில் சேர்ந்துவிட வாய்ப்புண்டு. ஆகவே ஒன்றில் 'பேரிங்' பொத்தானை அழுத்தி, 2 நிமிடத்துக்குள் மற்றதிலும் அழுத்துங்கள். உங்கள் வீட்டுக்கென்று புதுச் சாவி உருவாகும். (எவ்வளவு நேரம் அழுத்துவது என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள்.)

மேல் அடாப்டரின் வைஃபை இன்னொரு கதவு. அதில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லை மாற்றி, டபிள்யூ.பி.ஏ.3 அல்லது டபிள்யூ.பி.ஏ.2 தேர்ந்தெடுங்கள். ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல்லும் மாறணும். தீபாவளித் திறந்த இல்லத்துக்கு வருகிறவர்களுக்கு ரவுட்டரில் 'கெஸ்ட்' நெட்வொர்க் திறந்துவிட்டால் போதும்.